கோடையில் வெள்ளம், குளிர் நாட்டில் வெக்கை: மாஸ்டரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலையில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வாசலில் நட்டு வைத்திருக்கும் மழை அளக்கும் போத்தலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், "மாஸ்டர், அங்கே இப்படியாமே" என்று ஏதாவது கேட்காமல் போவதில்லை. வீட்டுக்கு ஒருவராவது கொழும்பிலோ குவைத்திலோ இத்தாலியிலோ இருக்கிற காலம் இது. உலகத்து வெயிலும் மழையும் போன் வழியாக, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டில் "சம்மர்" என்கிறார்களே, நமக்கு எப்போது சம்மர்?

நமக்கு அப்படி ஒன்று கிடையாது. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் கோடை. அப்போது அங்கே பகல் பதினைந்து, பதினாறு மணித்தியாலம் நீளும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே. தையிலும் ஆடியிலும் விடிகிற நேரம் பெரிதாக மாறுவதில்லை. நம்முடைய வருடத்தைக் கூறு போடுவது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை. சாமிமலைப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. டிசம்பர் போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கும், மே மாத வெசாக்கோடு முடியும். சீசன் கடைக்காரர் தகரத்தைக் கழற்றினால் மழை வருகிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை, மலைக்கு இரண்டு முகம் இருப்பது. தென்மேற்குக் காற்று ஈரத்தோடு வந்து மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. வட்டவளையும் கினிகத்தேனையும் வருடத்தில் 5000 மில்லிமீற்றருக்கு மேல் வாங்குவது இப்படித்தான். ஈரத்தை இந்தப் பக்கம் கொட்டிவிட்ட காற்று அந்தப் பக்கம் ஊவாவில் இறங்கும்போது காய்ந்து, சூடாகி இறங்குகிறது. ஈரக்காற்று ஏறும்போது குளிர்வது குறைவு, காய்ந்த காற்று இறங்கும்போது சூடாவது அதிகம். ஆயிரம் மீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 பாகை செல்சியஸ். அதே காற்று இன்னும் கீழே மட்டக்களப்புக்குப் போய்ச் சேரும்போது அதற்குக் கச்சான் என்று பெயர். ஜூலையில் ஹட்டனில் மூன்று நாளாகச் சேலை காயாமல் கிடக்கும். ஊவாவின் பண்டாரவளையில் புழுதி பறக்கும். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை தரமான காலம் என்று பெயர் வந்ததற்கு அந்த வறண்ட காற்றே காரணம். நம் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கொழுந்துக்கே தெரியும், எது யாருடைய கோடை என்று.

ஆகவே இத்தாலியில் இருக்கும் தம்பி "இங்கே நெருப்பாகக் கொதிக்கிறது" என்று சொல்லும் அதே நாளில் நீங்கள் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்தால், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மகள் குவைத்தில் இருக்கிறாள். 50 பாகை என்கிறாள். அப்படி ஒரு சூடு உண்டா?

உண்டு அக்கா. குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 பாகை பதிவானது. உலக வானிலை அமைப்பு சோதித்து ஏற்றுக்கொண்ட அளவு அது. இதை நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியில் எடுப்பார்கள். வெயிலில் கிடக்கும் சீமெந்து மாடியின் சூடு அதைவிடக் கொடியது.

அந்த ஊர்களில் கோடை மாதங்களில் நடுப்பகலில் வெளிவேலை செய்விக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அது கட்டட வேலைத்தளம் மாதிரியான இடங்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம். வீட்டு வேலைக்குப் போன பிள்ளை மாடியில் கம்பளம் கழுவுவதை எட்டிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். அதனால் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: மாடி வேலையை விடியற்காலைக்கு மாற்றக் கேட்டுப் பார்க்க வேண்டும், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும், வியர்வை அதிகம் போனால் உப்பும் சீனியும் கலந்து குடிக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி வந்தால் நிழலுக்குப் போய் உடம்பை நனைக்க வேண்டும். உளறினாலோ மயங்கினாலோ அது ஆஸ்பத்திரிக் கேஸ், தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று: வெறும் சூட்டைவிட ஈரம் கலந்த சூடு பொல்லாதது. நம் சேலை மழைக்காலத்தில் ஏன் காய்வதில்லை? காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. உடம்பு வியர்வையும் அதே மாதிரித்தான். அது காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பாரசீக வளைகுடாக் கரையோரத்தில் 40 பாகையும் ஈரமும் சேர்ந்து வரும் நாட்களில் வியர்வை ஒழுகுமே தவிரக் காயாது. வெறும் சூடும் ஆளைக் கொல்லும்: 2024 ஜூனில் ஹஜ் போனவர்களில் 1300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மக்காவில் அப்போது வெப்பம் 50 பாகையைத் தாண்டியிருந்தது.

ஐரோப்பா குளிர் நாடு. வெயிலுக்கு அங்கே ஆட்கள் சாவது எப்படி?

இதைக் கேட்டவர் எங்கள் தோட்டத்தில் கங்காணியாக இருந்த தாத்தா. "நாங்க வெயில்ல மலைக்குப் போகலியா?" என்றார். நியாயமான கேள்வி.

2003 ஓகஸ்டில் பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் வெக்கையால் இறந்தார்கள். ஐரோப்பா முழுவதும் சேர்த்து 70,000 என்று பிற்காலக் கணிப்பு. பாரிஸில் இறந்தவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். அந்த நகரத்துப் பழைய மாடிகளின் உச்சியில், துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. ஓகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். பிள்ளைகள் ஊரில் இல்லை, பல வைத்தியர்களும் இல்லை. இரவிலும் சூடு தணியாததால் உடம்புக்கு ஆறுதலே கிடைக்கவில்லை. பகல் சூட்டை மனிதன் தாங்கிவிடுவான். இரவும் சேர்ந்து வாட்டினால் மூன்றாம் நாள் விழுந்துவிடுவான்.

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் கொனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 பாகை. அந்த நாடு 40ஐத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முதல் நாள் லூட்டன் விமான நிலையத்தின் ஓடுபாதை வெக்கையில் மேலெழும்பி, விமானங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரன் வீடு கட்டும்போது சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டினான். நுவரெலியாப் பக்கத்துத் துரை பங்களாக்களைப் பாருங்கள். சிம்னியும் தடித்த சுவரும் சின்ன யன்னலும். அதே வீட்டை 40 பாகையில் வைத்தால் பாண் சுடும் போறணை.

தாத்தாவுக்கு நான் சொன்னது இதுதான்: ஊருக்கு ஊர் வீடு, ரோடு, உடம்பு, பழக்கம் எல்லாம் அந்த ஊர் வானிலைக்கு ஏற்றபடி அமைந்தவை. வானிலை அந்த வரம்பைத் தாண்டினால் அளவு சின்னதாக இருந்தாலும் ஆளைக் கொல்லும். தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நம்ம லயம் எந்த மழைக்குக் கட்டினது மாஸ்டர்?" என்றார். அதற்குக் கீழே வருகிறேன்.

கனடாவில் ஊரே எரிந்ததாமே? தங்கச்சி அங்கேதான் இருக்கிறாள்.

தங்கச்சி இருப்பது டொரன்டோவில். எரிந்த லிட்டன் கிராமம் மேற்குக் கரையோர மாகாணத்தில், 3000 கிலோமீற்றருக்கும் அப்பால். அங்கே 2021 ஜூன் 29 அன்று 49.6 பாகை. கனடா வரலாற்றிலேயே அதிகம். மறுநாள் தீப்பிடித்து கிராமத்தின் பெரும்பகுதி சாம்பலானது.

உயர் அழுத்தக் காற்று ஒரே இடத்தில் நாட்கணக்கில் குந்திக்கொண்டால், சோற்றுப் பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். காற்று கீழே அமுங்கி அமுங்கிச் சூடாகும், மேகம் சேராது, வெயில் தடையில்லாமல் விழும், மண் காயும், காய்ந்த மண் இன்னும் சூடாகும். வானிலைக்காரர்கள் இதற்கு வெப்பக் கவிகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பானை மூடியே போதும்.

துபாய் வெள்ளம் செயற்கை மழையால் வந்ததா?

இல்லை. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு இராச்சியத்தில், பதிவு வைக்கத் தொடங்கிய 75 வருடங்களில் காணாத மழை. அல் அய்ன் பக்கத்தில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர். மேகத்தில் உப்புத் தூவி மழையைக் கொஞ்சம் கூட்டும் வேலையை அந்த நாடு செய்வது உண்மைதான். ஆனால் இல்லாத மேகத்தை உப்பு உண்டாக்காது. அன்று வந்தது பெரிய இடிமழைத் தொகுதி. ஓமானிலும் அதே மழை ஆட்களைக் கொன்றது.

254 என்பது வட்டவளைக்காரருக்குப் பெரிய கதையே அல்ல. ஆனால் வட்டவளையில் தண்ணீர் வடியும் கான் இருக்கிறது, ஓடை இருக்கிறது, ஆறு இருக்கிறது. துபாய் ரோட்டில் தண்ணீருக்குப் போக வழி இல்லை. கங்காணித் தாத்தாவிடம் சொன்ன அதே கதைதான், இந்தத் தடவை மழையில்.

ஆலங்கட்டி மழை நம் பக்கமும் பெய்கிறதே, அது கெட்ட சகுனமா?

சகுனம் ஒன்றும் இல்லை. மார்ச், ஏப்ரல் பின்னேரங்களில் மேகம் நேராக மேலே கோபுரம் மாதிரி வளரும். உச்சியில் உறைகுளிர். தண்ணீர்த் துளி மேலே போய் உறைந்து, காற்று தூக்கித் தூக்கிப் போடப் போடப் பருத்து, காற்றால் தாங்க முடியாத கனத்தில் விழுகிறது. நம்மிடம் விழுவது பெரும்பாலும் கடலைப் பருப்பு அளவு. தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் (லய அறையில்) பேசுவதுகூடக் கேட்காது. பிள்ளைகள் டம்ளரில் அள்ளிச் சீனி போட்டுத் தின்னும். கொழுந்துதான் கிழிந்து போகும்.

அமெரிக்காவில் தென் டகோட்டா மாநிலத்தின் விவியன் என்ற ஊரில் 2010 ஜூலையில் விழுந்த கட்டி 20 சென்ரிமீற்றர் குறுக்களவு. பங்களாதேசத்தில் கோபால்கஞ்சில் 1986 ஏப்ரல் 14 அன்று ஒரு கிலோவைத் தாண்டிய கட்டிகள் விழுந்து 92 பேர் இறந்தார்கள்.

நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல் வெள்ளையாவது இதுவல்ல. அது உறைபனி. மேகமில்லாத இரவில் தரை சூட்டை இழந்து, புல்லில் படிந்த ஈரம் அப்படியே உறைவது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொன்னவர்கள் நம் மலையைப் பார்த்ததில்லை. இங்கே இரண்டும் கொழுந்தைத்தான் துளைக்கின்றன.

புயல், சூறாவளி, மினி சூறாவளி, ஹரிக்கேன், டொர்னாடோ. எல்லாம் ஒன்றா?

நம் பத்திரிகைகள் பண்ணிய குழப்பம் இது.

புயல், சூறாவளி, சைக்கிளோன் மூன்றும் ஒன்று. வெதுவெதுப்பான கடலின் மேல் பிறந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்குச் சுழல்வது. அதுவே அட்லாண்டிக்கில் பிறந்தால் ஹரிக்கேன், சீனா, யப்பான் பக்கம் பிறந்தால் தைபூன். ஆள் ஒன்று, ஊருக்கு ஊர் பேர் வேறு. டொர்னாடோ வேறு சாதி. இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் ஒடுங்கிய சுழல். பெரும்பாலும் சில நூறு மீற்றர் அகலமும் இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். நம் பத்திரிகையில் "மினி சூறாவளியால் 20 வீடுகள் சேதம்" என்று வருவது அநேகமாக ஒரு சின்ன டொர்னாடோ, அல்லது இடிமழைக்கு முன்னால் மேகத்திலிருந்து தரையில் மோதிப் பரவும் கடும் காற்று. குட்டிச் சூறாவளி என்று ஒன்று கடலிலிருந்து வரவில்லை.

ஜூன், ஜூலையில் நம் கூரையைக் கொண்டுபோகிற காற்று இதில் எதுவுமே இல்லை. அது வழக்கமான தென்மேற்குக் காற்று, மலை இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் கூடி வருவது. ஆடிக் காற்றில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. தகரம் பறந்து பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் எங்கள் வீட்டு இஸ்தோப்பு (முன் திண்ணை) தகரம் ஒன்று ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போய், மறுநாள் காலை தோட்டத்தின் கீழ் டிவிஷனில், தேயிலை வாதுகளுக்கு மேல் போர்த்தி விட்டது மாதிரிக் கிடந்தது. அதன் மேல் ஏற்றி வைத்திருந்த டயரும் கருங்கல்லும் வாசலிலேயே கிடந்தன. கல் ஏற்றுவதால் பிரயோசனம் குறைவு. காற்று தகரத்தை மேலிருந்து அமுக்குவதில்லை, ஓரத்தில் புகுந்து தூக்குகிறது. ஓரத்துத் தகரத்தையும் முகட்டையும் சட்டத்தோடு கம்பியால் கட்டுங்கள். வீட்டைத் தாண்டி உயரமாக நிற்கும் கருப்பன்தைல மரத்தைப் பற்றித் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

உலகத்தில் புதிதாக என்ன நடக்கிறது என்று கேட்டால், காலம் மாறி வருவதைச் சொல்வேன். 2024இல் பெரில் என்ற ஹரிக்கேன் ஜூலை தொடக்கத்திலேயே அதியுயர்ந்த ஐந்தாம் தரத்துக்குப் போனது. அட்லாண்டிக்கில் அவ்வளவு முந்தி எதுவும் போனதில்லை. 2023 செப்டெம்பரில் மத்தியதரைக் கடலில் டானியல் என்ற புயல் கிரேக்கத்தில் ஒரு வருட மழையை ஒரு நாளில் கொட்டிவிட்டு லிபியாவுக்குப் போனது. டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் இரவில் உடைந்து ஆயிரக்கணக்கானோர் கடலுக்குப் போனார்கள்.

முன்காலத்தில் இப்படி நடக்கவே இல்லையா?

நடந்திருக்கிறது. 1815 மார்ச்சில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது அல்லவா, அடுத்த மாதம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் கந்தகப் புகை மேல் வானத்தில் பரவிச் சூரியனை மங்கலாக்கி, 1816இல் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் கோடையே இல்லாமல் செய்தது. அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூனில் பனி விழுந்தது. விளைச்சல் போய்ப் பஞ்சம் வந்தது.

ஆனால் அது ஒரு எரிமலை, ஒரு வருடம். இப்போது நடப்பது ஒரே பக்கமாக ஏறுகிறது. 2024ஆம் ஆண்டு, நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கத் தொடங்குவதற்கு முந்திய கால சராசரியைவிட ஏறக்குறைய 1.55 பாகை கூடுதல் சூடு. அதுவரை பதிவான வருடங்களில் அதுதான் முதலிடம். ஒரு பாகை சூடு கூடினால் காற்று 7 வீதம் அதிக நீராவியைச் சுமக்கும். வாளி பெரிதாகிறது. பெரிய வாளி நிரம்ப நாளெடுக்கும், அதனால் வரட்சியும் நீளும். கவிழும்போது மொத்தமாகக் கவிழும்.

டித்வா சின்னப் புயல் என்றார்கள். ஏன் இவ்வளவு மண்சரிவு?

காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் சின்னதுதான். பெயர் வைக்கப்படும் புயல்களில் கீழ்ப்படியில் இருந்தது. யேமன் கொடுத்த பெயர் அது. 2025 நவம்பர் கடைசி வாரத்தில் நாட்டின் மேல் மெதுவாக ஊர்ந்தது, அதுதான் வினை. ஓடுகிற புயல் கூரையைக் கொண்டுபோகும். ஊர்கிற புயல் மலையைக் கொண்டுவரும். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் அதில் பெரும் பங்கைச் சுமந்தன. அதே வாரம் மலாக்கா நீரிணையில் சென்யார் என்ற புயல் பிறந்து சுமாத்ராவில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு கிட்டப் புயல் பிறப்பது மிக அபூர்வம்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். நம்முடைய பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் மேல் 100 மில்லிமீற்றர் பெய்தால் 1100 லீற்றர். ஒரு ஹெக்டயர் தேயிலை மலையில் பத்து இலட்சம் லீற்றர். ஆயிரம் தொன் கனம். மண் துகள்களுக்கு இடையில் தண்ணீர் நிறைந்தால் கனமும் கூடுகிறது, துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதும் விட்டுப்போகிறது. அப்புறம் மலைக்கு ஒரு சாக்குத்தான் தேவை. கான்களைப் புல் மூடிக் கிடந்தால் தண்ணீர் ஓடாமல் அங்கேயே இறங்கும். கான் வெட்டுக்கு ஆள் போடுவது குறைந்ததை நான் முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். யாரும் வாயைத் திறப்பதில்லை.

தாத்தா கேட்ட கேள்விக்கு வருகிறேன். லயங்கள் பல, வெள்ளைக்காரன் காலத்தில், தேயிலை நடவே வசதியில்லாத ஓரங்களில் கட்டப்பட்டவை. அவை எந்த மழைக்கும் கட்டப்பட்டவை அல்ல. காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்கு ஆள் கிட்ட இருக்கக் கட்டப்பட்டவை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போனபோது, பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள், வீடு தப்பவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. கடல் தாண்டிக் கேரளத்திலும் இதே லயம், இதே தமிழ்ச் சனம்: மூணாறு பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6 இரவு 70 பேர். வயநாட்டில் 2024 ஜூலை 30 விடியுமுன் முண்டக்கையும் சூரல்மலையும். இப்படி நடப்பது ஏழை நாடு என்பதால் மட்டும் அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸில் 2025 ஜூலை 4 அதிகாலை குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி ஏறி, ஆற்றோரத்து முகாமில் தூங்கிய பிள்ளைகளைக் கொண்டுபோனது. இவற்றில் பலவும் இரவில் நடந்தவை. எச்சரிக்கை பகலில் வந்திருந்தால் இரவுச் சோற்றுக்கு முன்பே கிளம்ப வேண்டும்.

மலை அசையப் போகிறது என்பதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியுமா?

பல இடங்களில் முடியும். மலைத் தண்ணீர் விழும் பீலியைப் பாருங்கள். தெளிவாக வந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினால், அல்லது பெருமழையில் திடீரென நின்றுவிட்டால், உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது. இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பினாலும் அப்படித்தான். சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, நேற்று வரை மூடிய கதவு இன்று இறுகுவது, மரமும் கரண்ட் கம்பமும் சாய்வது, மலைக்குள்ளிருந்து உறுமல். இதில் ஒன்று கண்டாலே வெளியேறுங்கள், அறிவித்தலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கட்டமாக எச்சரிக்கை விடும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் கிளம்ப ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

எங்கள் டிவிஷனில் எவ்வளவு பெய்தது என்று எப்படித் தெரியும்? போனில் நுவரெலியாக் கணக்குத்தான் வருகிறது.

அதனால்தான் போத்தல். ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் 40, இந்தப் பக்கம் 120 பெய்வது இங்கே சாதாரணம்.

இடுப்பு ஒடுங்காத, நேரான ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை எடுங்கள். தோள்பட்டை வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மூடி கழற்றிய மேல் பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகுங்கள், அது புனல். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அங்கே கொஞ்சம் கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் சுழியம் என்று கோடு போடுங்கள். பாடசாலை அடிமட்டத்தை அங்கிருந்து மேல்நோக்கி ஒட்டிவிட்டால் முடிந்தது. தாழ்வாரத் தண்ணீர் தெறிக்காத, மரம் மறைக்காத திறந்த இடத்தில், சாயாமல் ஒரு கம்பில் கட்டுங்கள். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டுச் சுழியம் வரை ஊற்றிவிடுங்கள். கடும் மழையில் மணிக்கொரு தரம் டோர்ச் அடித்துப் பாருங்கள். என் கணக்கு அலுவலகத்து மழைமானியோடு ஐந்து, ஆறு மில்லிமீற்றர் வித்தியாசப்படும். உயிரைக் காப்பாற்ற அந்தத் துல்லியம் போதும்.

மின்னல்?

"அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என் அம்மாவும் சொன்னாள். ஆனால் அதை வீட்டுக்குள் இருந்து சொல்லுங்கள். மலையில் நிற்கும்போது இடி கேட்டால் மரத்தடிக்குப் போகாமல் இறங்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வாருங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணித்தியாலம் பொறுங்கள். அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போனால் போகட்டும்.

சூரியன் தூரம் போவதால் குளிரும், காய்ச்சல் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

வருடா வருடம் ஜூலையில் வருகிற மெசேஜ் அது. ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து 15 கோடியே 20 இலட்சம் கிலோமீற்றரில் இருக்கும், ஜனவரியில் 14 கோடியே 70 இலட்சத்தில். வருடா வருடம் அப்படித்தான். குளிர்வது பருவக்காற்றால். ஐரோப்பாக்காரன் வெயிலில் வேகிறதும் அதே ஜூலையில்தான் என்பதை அனுப்பியவருக்கு எழுதிவிடுங்கள்.

மழை விட்டு வெயில் அடிக்கிறது. மண்சரிவுக்குப் பயந்து தங்கிய முகாமிலிருந்து வீட்டுக்குப் போய் வரலாமா?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, பெரும்பாலும் கோழி வளர்க்கும் அக்காமாரிடமிருந்து. இரண்டாம் நாள் பளிச்சென்று வெயில் வரும். கோழிக்குத் தீனி வைக்க வேண்டும், ஈரத் துணி கிடக்கிறது, பிறப்புச் சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது. மேலே காய்ந்த மாதிரித் தெரியும் மலைக்குள் தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். மழை நின்ற பிறகும் மண் சரியும். பரிசோதிக்க வரும் அதிகாரிகள் பார்த்து, கிராம சேவகர் சொல்லும் வரை போகாதீர்கள். சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு ஒக்டோபர் பிறக்கும்போதே கதவுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். கோழிக் கூட்டை, கிளம்பும்போது திறந்து விட்டுவிடுங்கள்.